அரை நிமிஷம்

குக்கர் மூடியில் சின்னதாக ஒரு ஸேப்டி வால்வு இருக்கிறதே, அதை என்றைக்காவது கவனித்ததுண்டா? நான் கவனித்ததில்லை, ஒரு சமாசாரம் படிக்கிற வரையில்.

அமெரிக்காவில், நியூ ஜெர்ஸி மாகாணத்தில், சேலம் என்று ஓர் அணு மின் நிலையம். (நம் மாம்பழச் சேலம் அல்ல!) அங்கே அணு உலைக்கு மேலே கட்டுப்பாட்டுக் கழிகளை மின்சாரம் தூக்கிப் பிடித்திருக்கிறது. ஆபத்து என்றால் ‘பிரேக்கர்’ தானாக விடுபடும், மின்சாரம் நிற்கும், கழிகள் உள்ளே விழும், உலை அடங்கும். பிரமாதமான யுக்திதான்.

1983 பிப்ரவரி 25. நீராவிக் கலத்தில் தண்ணீர் குறைந்தது. கருவிகள் கட்டளையிட்டன. பிரேக்கர் அசையவில்லை. ஒன்று தவறினால் உதவ வைத்திருந்த இரண்டாவதும் அசையவில்லை! சுமார் அரை நிமிஷம் கழித்து ஊழியர்கள் கையால் விசையைத் திருப்பி உலையை நிறுத்தினார்கள். நல்ல வேளை, யாருக்கும் தீங்கில்லை.

பிரேக்கரை விடுவிக்கும் சிறு பாகம் தூசும் தேய்மானமுமாய், எண்ணெய்ப் பசையின்றிச் சிக்கிக்கொண்டதாம். மூன்று நாள் முன்பும் இதே கதைதான். அன்று அதே சமயத்தில் கையாலும் நிறுத்தியதால், தானாக நிற்கவில்லை என்பதே தெரியவில்லை!

கையால் திருப்பும்போது இன்னொரு விடுவிப்பு விசையும் வேலை செய்யும். அதையும் தானியங்கி ஏற்பாட்டில் சேர்க்கும்படி அந்த வருஷமே அமெரிக்கக் கட்டுப்பாட்டு ஆணையம் நிலையங்களுக்கு எழுதிற்று.

தினம் உழைக்கும் சாமான் கெட்டால் உடனே தெரியும். ஆபத்துக்கென்று சும்மா இருப்பது கெட்டால், ஆபத்து வந்த பிறகுதான் தெரியும்.

எங்கள் குக்கர் வால்வு? பத்து வருஷமாக மாற்றவேயில்லை. நேற்றுத்தான் புதிது வாங்கினேன். நீங்கள்?