கம்பெனிக் கணிப்பொறிகளும் காவலும்

மார்ச் மாதம் பிறந்ததும் நமது பிரதேசத்துக் கம்பெனிகளில் ஒரு சிறு சடங்கு நடைபெறுகிறது. கணக்கப்பிள்ளை ஒரு விலைப்பட்டியலை முதலாளியிடம் நீட்டி, ஆன்டிவைரஸ் லைசென்ஸ் தவணை முடிகிறது, புதுப்பிக்க வேண்டும் என்கிறார். “போன வருஷத்தைவிட எவ்வளவு அதிகம்? இதைவிட மலிவாக வேறொன்றும் இல்லையா?” என்று முதலாளி கேட்கிறார். சில நூறு ரூபாய் குறைகிறது, கையெழுத்து விழுகிறது, காரியம் முடிந்துவிட்டதாக இருவரும் எண்ணிக்கொள்கிறார்கள். காரியம் அப்பொழுதுதான் ஆரம்பமாகிறது. இதைத் திருத்தணி வர்த்தகர்களுக்கும், தறிக்கூடச் சொந்தக்காரர்களுக்கும், மருத்துவமனையும் லாட்ஜும் நடத்துவோருக்கும் எடுத்துச் சொல்ல வேண்டியது நமது கடமையென்று கருதியே இன்று இந்த விஷயத்தை எழுத முற்படுகிறோம்.

எல்லைப்புறத்து ஜனங்களாகிய நமக்கு எல்லையின் அருமை தெரியும். நெடுங்காலக் கிளர்ச்சியின் பயனாக, 1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்துடன் சேர்ந்தது. பொன்பாடிச் சாவடியில் இன்றும் லாரியை நிறுத்திச் சோதனையிடலாம். ஆனால் கணிப்பொறிக் கிருமிக்குச் சாவடி ஏது? 2017 மே 12-ந் தேதி, வெள்ளிக்கிழமை, ‘வான்னாக்ரை’ என்ற பிணைத்தொகை வைரஸ் புறப்பட்டு, சில தினங்களுக்குள் 150 தேசங்களில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கணிப்பொறிகளைப் பூட்டிவிட்டது. பூட்டைத் திறக்க 300 டாலர் கப்பம் கேட்டது. இங்கிலாந்தின் பொது மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பியனுப்பின. அதே சமயத்தில், நமக்கு அடுத்த வீடாகிய சித்தூர் ஜில்லா உட்பட ஆந்திராவின் பல ஜில்லாக்களில் போலீஸ் இலாகாவின் கணிப்பொறிகள் பூட்டுண்டன. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாக அலுவலகக் கணிப்பொறிகள் சிலவும் அகப்பட்டுக்கொண்டன. பக்தர்களுக்கான சேவைகள் தப்பின.

இதில் நமது வாசகர்கள் மனத்தில் பதிய வேண்டிய தேதி மே 12 அன்று. அதற்கு முந்திய மார்ச் 14. வான்னாக்ரை நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் கம்பெனி அன்றைய தினமே வெளியிட்டுவிட்டது. இரண்டு மாத காலம் மருந்து கையிலிருந்தும் போடாதவர்களே பெரும்பாலும் நஷ்டப்பட்டார்கள். அந்த வைரஸ் பரவுவதற்கு யாரும் ஒரு கடிதத்தைத் திறக்க வேண்டியதில்லை. ஒரு பொத்தானை அழுத்த வேண்டியதுமில்லை. ஒரே நெட்வொர்க்கில் திருத்தம் போடாத ஒரு கணிப்பொறி இருந்தால் போதும்; அதன் வழியாக உள்ளே வந்து, அண்டையிலுள்ள அதே மாதிரிக் கணிப்பொறிகளையெல்லாம் தானே தேடிப் பிடித்துக்கொண்டது. நாற்பது கணிப்பொறியுள்ள கம்பெனியில் முப்பத்தொன்பதுக்குக் காவல் போட்டு ஒன்றை விட்டவர் எவ்வளவு காவல் போட்டவராகிறார்?

“எந்த ஆன்டிவைரஸ் நல்லது?” என்று நம்மைக் கேட்போர் பலர். பெயரைச் சொல்லிவிட்டால் அவர்களுக்குத் திருப்தி. சுதேசிச் சரக்கு வேண்டுமென்போருக்கு, 1991-ல் தொடங்கப்பெற்ற சென்னைக் கம்பெனியாகிய கே7 இருக்கிறது. அதன் சரக்கு ஜப்பானில் பல வருஷங்கள் விலைபோயிருக்கிறது. புனாவின் குவிக் ஹீல் இருக்கிறது. நமது பணம் நமது தேசத்தில் தங்குவதில் நமக்குச் சந்தோஷமே. அன்னிய நாட்டுக் காவலனைக் கணிப்பொறியின் உள்ளறை வரையில் விடுவதில் ஆபத்து உண்டென்பதும் கற்பனையல்ல. ருஷ்யக் கம்பெனியாகிய காஸ்பர்ஸ்கியின் விற்பனையை அமெரிக்க சர்க்கார் 2024-ல் தடுத்துவிட்டதும், அந்த வருஷம் செப்டம்பர் மாதத்துக்குப் பின் அங்குள்ள அதன் வாடிக்கைக்காரர்களுக்குப் புது அப்டேட் கிடைக்காமற்போனதும் உலகமறிந்த விஷயம். அரசியல் காரணத்தால் ஒரே இரவில் காவல் நின்றுபோகலாம். ஆனால் சுதேசி என்ற ஒரே காரணத்துக்காகச் சோதியாமல் வாங்குவது சுதேசியத்துக்கும் பெருமையாகாது. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய பரீட்சை நிலையங்கள் முடிவுகளை இலவசமாகவே பிரசுரித்து வருகின்றன. வியாபாரியின் துண்டுப் பிரசுரத்தை நம்புவதற்கு முன் அவற்றை ஒரு முறை பார்க்கட்டும்.

பெயரைவிட முக்கியமான கேள்வி வேறொன்று. எல்லாக் கணிப்பொறிகளின் நிலைமையையும் ஓரிடத்தில் உட்கார்ந்து பார்க்க முடியுமா? வீட்டு உபயோகத்துக்கென்று விற்கும் மலிவு லைசென்ஸ்களை மூன்று மூன்றாக வாங்கி, அலுவலகம் முழுவதும் போட்டுவைத்திருப்பது நமது ஊரில் சாதாரண வழக்கம். அப்படிப் போட்டால் ஒவ்வொன்றும் தனிக்காட்டு ராஜா. எது அப்டேட் பெற்றது, எது மாதக்கணக்கில் தூங்குகிறது, எதிலே சிப்பந்தி தொந்தரவென்று நிறுத்திவைத்தார் என்பது ஒருவருக்கும் தெரியாது. கம்பெனிகளுக்கென விற்கும் ரகத்தில் மத்திய நிர்வாகப் பலகை ஒன்று உண்டு. விலை சற்றுக் கூடும். அந்தக் கூடுதல் விலைக்கு வாங்குவது மருந்தையல்ல, கண்ணை. வாங்குமுன் முப்பது நாள் பரீட்சைக்குக் கேட்டு வாங்கி, அலுவலகத்திலேயே மிகப் பழைய, மிக மெதுவான கணிப்பொறியில் போட்டுப் பார்க்க வேண்டும். முதலாளியின் புதுக் கணிப்பொறியில் எதுவும் வேகமாகத்தான் ஓடும்.

இனி, போடுகிற விஷயம். இங்கேதான் பெரிய ஸ்தாபனங்களும் வழுக்கி விழுகின்றன. முதலில் எத்தனை கணிப்பொறிகள் இருக்கின்றன என்று எண்ண வேண்டும். இது சிரிப்புக்குரிய யோசனையாகத் தோன்றலாம். எண்ணிப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள். கிடங்கில் எடைமேடையோடு இணைத்த கணிப்பொறி, காமராக்களைக் கவனிக்கும் கணிப்பொறி, ஆடிட்டர் கொண்டுவரும் மடிக்கணினி, இவை எந்தப் பட்டியலிலும் இரா. பழைய ஆன்டிவைரஸை நீக்காமல் புதியதை அதன்மேல் ஏற்றினால் இரண்டும் ஒன்றையொன்று திருடனென்று பிடித்துக்கொண்டு நிற்கும். சிப்பந்தி நினைத்தபோது நிறுத்திவிடாதபடி நீக்குவதற்குப் பாஸ்வேர்ட் வைக்க வேண்டும். டாலி கணக்கு மெதுவாக ஓடுகிறதென்று கணக்குப் போல்டரையே சோதனையிலிருந்து விலக்கி வைப்பவர்களும் உண்டு. கப்பம் கேட்பவன் முதலில் பூட்ட விரும்புவது எந்தப் போல்டரை என்பதை அவர்கள் யோசிப்பதில்லை.

புது தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கதையை இங்கே நினைவூட்டுகிறோம். 2022 நவம்பர் 23-ந் தேதி அதன் சர்வர்கள் பூட்டுண்டு, தேசத்தின் தலைசிறந்த மருத்துவமனை பல தினங்கள் காகிதத்தையும் பேனாவையும் கொண்டு நோயாளிகளைப் பதிவு செய்ய வேண்டிவந்தது. சம்பவம் நடந்த பின், ஏறத்தாழ 5,000 கணிப்பொறிகளில் 1,200-க்கு ஆன்டிவைரஸ் போட்டாகிவிட்டது, வேலை இரவும் பகலும் நடக்கிறது என்று செய்தி வந்தது. வீடு எரிந்த பின் கிணறு வெட்டிய அந்த வேகம் மெச்சத்தக்கதா என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். நெட்வொர்க்கைச் சரியாகப் பகுதி பகுதியாகப் பிரித்து வைக்காமையே காரணமென்று மத்திய மந்திரி ராஜ்ய சபையில் ஒப்புக்கொண்டார். வரவேற்பறைக் கணிப்பொறியும் சம்பளக் கணக்கு வைத்திருக்கும் சர்வரும் ஒரே கூடத்தில் கதவில்லாமல் படுத்திருந்தால், ஒருவனுக்கு வந்தது எல்லோருக்கும் வராமல் என்ன செய்யும்?

பிறரைக் குறை சொல்லுமுன் நமது வீட்டைப் பார்த்துக்கொள்வதே நியாயம். சில வருஷங்களுக்கு முன் நமது பத்திரிகாலயத்தில் எல்லாக் கணிப்பொறிகளுக்கும் காவல் போட்டபோது, ஒன்றுக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. அது ஆசிரியருடையது. திறப்பதற்குத் தாமதமாகிறதென்று நாமே உத்தரவிட்டோம். விழா மலருக்கு விளம்பரம் கொண்டுவந்த ஒரு பென் டிரைவை அவசரமாக அதில் செருகினோம். மறு தினம் அச்சுக்கோப்புப் பிரிவில் போல்டர்களெல்லாம் மறைந்து, அவற்றின் இடத்தில் வெறும் குறுக்குவழிக் குறிகள் நின்றன. அன்றைய இதழ் நான்கு மணி நேரம் தாமதித்து வெளிவந்ததற்குக் காரணம் மின்தடையென்றே வாசகர்களில் பலர் எண்ணியிருப்பார்கள். நாமும் அப்பொழுது திருத்தவில்லை. டிசம்பர் 31-ந் தேதி இரவு நமது மலையில் நடக்கும் படித் திருவிழாவில் 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமமிட்டுக் கற்பூரம் ஏற்றுகிறார்கள். நமக்கு அவசரமென்று ஒரு படியைத் தாண்டிச் செல்லும் குழுவை நாம் கண்டதில்லை. கணிப்பொறி விஷயத்தில் மட்டும் அதிகாரம் உள்ளவரின் படியே முதலில் தாண்டப்படுகிறது.

காவலை எல்லாவற்றிலும் போடு என்று சொன்னோம். ஒரே நிமிஷத்தில் போடு என்று சொல்லவில்லை. 2024 ஜூலை 19-ந் தேதி கிரவுட்ஸ்டிரைக் என்ற அமெரிக்கக் காவல் கம்பெனி அனுப்பிய பிழையுள்ள அப்டேட் ஒன்றினால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணிப்பொறிகள் நீலத் திரையோடு நின்றுவிட்டன. நமது தேசத்து விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். திருடன் வரவில்லை, காவற்காரனே கதவைச் சாத்திக்கொண்டான். ஆகையால் புதுச் சரக்கையும் அதன் பெரிய மாற்றங்களையும் முதலில் நான்கைந்து கணிப்பொறிகளில் போட்டு, இரண்டொரு தினம் பார்த்து, பின்பு மற்றவற்றுக்குக் கொண்டுபோவதே விவேகம். தினசரிக் கிருமி அடையாளங்களை இவ்விதம் காக்க வைக்கலாகாது. அவை உடனுக்குடன் வர வேண்டியவை.

ஆன்டிவைரஸ் ஒன்றே போதுமென்று நினைப்போர் ஏமாறுவார்கள். 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு விண்டோஸ் 10-க்குச் சாதாரண ஆதரவு நின்றுவிட்டது. திருட்டுப் பிரதி விண்டோஸைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்லாச் சிப்பந்திகளுக்கும் அட்மின் அதிகாரம் கொடுத்துவிட்டுக் காவல் வைப்பது, சாவியை வாசலில் தொங்கவிட்டு நாய் வளர்ப்பதற்குச் சமானம். கணக்கின் பிரதி ஒன்று நெட்வொர்க்கிலிருந்து கழற்றப்பட்ட டிஸ்க்கில் தனியே இருக்க வேண்டும். மாதம் ஒரு முறை அதிலிருந்து உண்மையாகவே கணக்கு திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. வக்கீல் தொழிலின் பழக்கம்! 2022 ஏப்ரல் 28-ந் தேதி செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, இத்தகைய தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். 180 நாட்களுக்கான பதிவேடுகளை வைத்திருக்கவும் வேண்டும். மத்தியப் பலகை இல்லாத கம்பெனி எந்தப் பதிவேட்டைக் காட்டும்? ஜனங்களின் சொந்த விவரங்களைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரையில் அபராதம் விதிக்க 2023-ம் வருஷத்துச் சட்டம் இடம் தருகிறது.

“இவ்வளவுக்கும் ஆள் எங்கே?” என்று சிறிய கம்பெனிக்காரர்கள் கேட்பது நியாயமே. பன்னிரண்டு கணிப்பொறி உள்ளவர் தனி உத்தியோகஸ்தரை வைத்துக்கொள்ள முடியாது. பத்துக் கம்பெனிகள் கூடி ஒருவரை அமர்த்தலாம். இன்றைய மத்தியப் பலகைகளில் ஒவ்வொரு கம்பெனியின் கணக்கையும் தனித்தனியே வைத்து ஒருவரே மேற்பார்க்க வசதியுண்டு. கூட்டு ஏற்பாட்டிலும் அபாயம் இல்லாமலில்லை. 2024 ஜூலை கடைசியில், கூட்டுறவு பாங்கிகளுக்கும் கிராமிய பாங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை அளித்துவந்த சி-எட்ஜ் என்ற ஒரு கம்பெனி தாக்கப்பட்டதால், ஏறத்தாழ 300 சிறு பாங்கிகளின் பணப் பட்டுவாடா தடைப்பட்டது. எனவே அமர்த்தப்படுகிறவரின் பாஸ்வேர்ட் எவ்விதம் காக்கப்படும், அவர் விலகினால் சாவி யாரிடம் வரும், மாதாந்தர அறிக்கை யாருக்கு என்பவற்றை எழுத்து மூலம் ஒப்பந்தமாக்கிக்கொள்ள வேண்டும்.

திருத்தணி, அரக்கோணம், பள்ளிப்பட்டு வர்த்தகர்கள் இதற்கென ஒரு கூட்டம் கூட்டுவார்களாயின், நமது அலுவலகத்தின் பதினெட்டுக் கணிப்பொறிகளையும், ஆசிரியருடையது உட்பட, அந்த ஏற்பாட்டில் சேர்க்க நாம் சித்தமாயிருக்கிறோம். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் வந்து, லாட்ஜுக்காரருக்கும் கடைக்காரருக்கும் மூச்சுவிட நேரமில்லாமற் போவதற்கு முன்பே அந்தக் கூட்டம் கூடுமென நம்புகிறோம்.