நாலடிதானே என்று விட்டுவிடாதீர்கள்

பள்ளிக் கணக்குப் புத்தகத்தில் வட்டம் வருகிற பாடத்தைப் புரட்டிப் பாருங்கள். வட்டமான பூங்காவின் ஆரம் 14 மீட்டர், பரப்பளவு காண்க என்கிற மாதிரிதான் கணக்குகள் இருக்கும். ஆரம் பெரும்பாலும் 7, 14, 21 என்றே வரும். 22/7 போட்டால் கீழே இருக்கிற 7 அடிபட்டுப் போகும், அதனால்தான். பிள்ளைகளும் கெட்டிக்காரர்கள். 14 என்று கண்டதும் கேள்வியை முழுக்கப் படிக்காமலே 616 என்று எழுதிவிடுகிறார்கள். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன், இது வெறும் மனப்பாடம்.

நம் வீரசோழன் பக்கத்தில் ஆரம் யார் கைக்கு வருகிறது? புதுக் கிணற்றுக்கு முளையடித்துக் கயிறு சுற்றுகிற அன்றைக்கு வரும். அதோடு சரி. வெட்டின கிணற்றின் நடுவில் போய் யார் நிற்பது? வைக்கோல் படப்பின் நடுவுக்கு டேப் எப்படிப் போகும்? சுற்றிக் கயிறு போட்டுச் சுற்றளவை எடுக்கலாம், அல்லது குறுக்கே பிடித்து விட்டத்தை எடுக்கலாம்.

நம் முன்னோர்கள் அதிலிருந்தே தொடங்கினார்கள். காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரத்தில் ஒரு வழி இருக்கிறது. சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கினால் பரப்பு வந்துவிடும். சுற்றளவு 44 அடி, விட்டம் 14 அடி என்றால் 22-ஐ 7-ஆல் பெருக்க 154 சதுர அடி. கிரேக்க நாட்டு ஆர்க்கிமிடீஸ் நிரூபித்ததும் இதே உண்மையைத்தான்.

ஏன் அப்படி என்று பேரப்பிள்ளை கேட்டால் ஒரு தோசையை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 16 துண்டாக வெட்டி, ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று மாற்றி மாற்றி அடுக்குங்கள். ஏறக்குறைய நீள்சதுரமாக வரும். நீளம் சுற்றளவில் பாதி, உயரம் விட்டத்தில் பாதி. சூத்திரத்தை உருப்போட வேண்டிய அவசியமே இல்லை.

இதெல்லாம் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்பவர்களுக்கு நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். பக்கத்துக் கிராமத்தில் 20 அடி விட்டம், 30 அடி ஆழம் என்று ஒரு கிணறு பேசி முடித்திருந்தார்கள். ஆழ அடிக்கு இவ்வளவு என்று கூலி. பிறகு தோட்டக்காரர், "24 அடியா வெட்டிருங்கப்பா, நாலடிதானே கூடுது, கூலியில அஞ்சுல ஒரு பங்கு சேத்துத் தாரேன்" என்றார். மேஸ்திரியும் தலையாட்டிவிட்டார். யாரும் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. இருவருக்குமே அது நியாயமாகத்தான் பட்டது.

நான் மண்ணிலேயே குச்சியால் போட்டுக் காட்டினேன். 20 அடிக்குப் பரப்பு 314 சதுர அடி, 24 அடிக்கு 452. முப்பதடி ஆழத்துக்கு மண் 94 யூனிட்டிலிருந்து 135 யூனிட்டைத் தாண்டுகிறது. கூடுவது ஐந்தில் ஒரு பங்கு அல்ல, நூற்றுக்கு 44. பேசினபடி விட்டிருந்தால் 22 யூனிட் மண்ணை அந்த ஆட்கள் சும்மா வெட்டிச் சுமந்திருப்பார்கள். தோட்டக்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப அதுக்குத் தக்கனதான சார் குடுக்கணும்" என்றார். மேஸ்திரி எட்டாவது வரை படித்தவர். வட்டத்தின் பரப்பு அவர் பாடத்திலும் இருந்திருக்கும். கிணற்று மேட்டில் நிற்கும்போது அது கைகொடுக்கவில்லை.

என் கட்சி இதுதான்: விட்டம் இரண்டு மடங்கானால் பரப்பு நாலு மடங்காகும் என்பது பிள்ளைகள் மனதில் பதிய வேண்டும். அதற்குக் கேள்விகள் கிணற்றிலிருந்தும் களத்திலிருந்தும் வர வேண்டும். 7-ஆல் வகுபடாத எண்கள் வர வேண்டும். 22/7 என்பது உண்மையான மதிப்பைவிடக் கொஞ்சம் கூடுதல் என்பதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பரீட்சையில் நேரம் கூடப் பிடிக்கும் என்பார்கள். பிடிக்கட்டுமே, கேள்வியைக் குறைத்துக்கொள்ளலாம்.

அதுவரை வீட்டில் நாம் கேட்கலாம். கட்டி முடித்தபின் உள்ளே 20 அடி விட்டம் இருக்க வேண்டும், சுற்றி ஒரு அடி கனத்துக்குக் கல்கட்டு என்றால், வெட்டும் மண் எவ்வளவு கூடும்? ஐந்தில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் மேலே. பிள்ளை விடையைச் சொன்னதோடு விடாதீர்கள், எப்படி வந்தது என்றும் கேளுங்கள்.