சட்டை எப்பக்கம் கிழிந்தது?

பொதுவாழ்வில் உள்ள ஒருவர்மீது பெண்ணொருத்தி மானபங்கப் புகார் கூறினால், நம்மவர் சிலர் உடனே அந்நூர் அத்தியாயத்தைக் கையிலெடுக்கின்றனர். நான்கு சாட்சிகள் எங்கே என வினவி அவள் வாயை அடைக்கின்றனர். குற்றஞ்சாட்டப்பட்டவர் தம் கட்சிக்காரராகவோ ஜமாஅத் பிரமுகராகவோ இருந்துவிட்டாலோ, அக்குரல் இன்னும் ஓங்குகிறது. இது மார்க்கமன்று, மார்க்கத்தின் பெயரால் இழைக்கப்படும் அநீதி என்றே நாம் கூறுவோம்.

நான்கு சாட்சி விதி எதற்காக வந்தது? கற்புடைய பெண்கள்மீது விபசாரப் பழி சுமத்துவோரின் நாவை அடக்குவதற்காக. பெண்ணின் மானத்தைக் காக்க வந்த வேலியை, அவள் மானத்தில் கைவைத்தவனுக்கு அரணாக்குவது எவ்வகை நியாயம்? தனக்கு நேர்ந்த கொடுமையை முறையிடுபவள் அவதூறு கூறுபவள் அல்லள், நீதி கேட்பவள். தீய சொல் பகிரங்கமாவதை விரும்பாத இறைவன், அநீதிக்குள்ளானோருக்கு அதில் விலக்களித்திருப்பதை அந்நிஸா அத்தியாயத்தின் 148ஆம் வசனத்தில் காண்க.

பெரம்பலூர் வழியே சென்னை செல்லும் நெடுஞ்சாலை நாமனைவரும் அறிந்ததே. 2021 பிப்ரவரியில், முதலமைச்சரின் சுற்றுப்பயணப் பாதுகாப்பின்போது, சிறப்பு டி.ஜி.பி. ராஜேஷ் தாஸ் தம்மிடம் முறைகேடாக நடந்ததாகப் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி ஒருவர் முறையிடப் புறப்பட்டார். அதே சாலையில், பரனூர் சுங்கச்சாவடியருகே, அவருடைய கார் காவலர்களாலேயே மறிக்கப்பட்டது. சீருடையும் பதவியும் உடையவருக்கே இக்கதியெனில், லெப்பைக்குடிக்காட்டிலும் வி.களத்தூரிலும் கணவர் வளைகுடாவில் உழைக்க, தனித்துக் குடும்பம் நடத்தும் நம் சகோதரியின் கதி யாது? 2023 ஜூனில் விழுப்புரம் நீதிமன்றம் ராஜேஷ் தாஸுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. காரை மறித்த அதிகாரிக்கோ 500 ரூபாய் அபராதம். 2024 பிப்ரவரியில் மாவட்ட நீதிமன்றமும் சிறைத்தண்டனையை உறுதி செய்தது. மேல்நீதிமன்றங்களை நாடும் உரிமை அவருக்கும் உண்டு. அதை அவர் பயன்படுத்தவும் செய்தார். அவ்வுரிமையை நாம் மறுக்கவில்லை. வழிமறிப்பதையே கண்டிக்கிறோம்.

பெண் கூறுவதெல்லாம் உண்மையாகிவிடுமா எனக் கேட்போர் உளர். ஆகாது. யூசுப் நபி (அலை) மீது பழி சுமத்தியவளும் ஒரு பெண்ணே. அங்கே தீர்ப்பளித்தது எது? அவள் சீமாட்டி என்பதுமன்று, அவர் பணியாள் என்பதுமன்று. சட்டை முன்புறம் கிழிந்ததா, பின்புறம் கிழிந்ததா என்ற ஆராய்ச்சியே. உண்மை வெளிப்பட்ட பின்னரும் நிரபராதியான அவரையே சிறையிலிட்டனர் என்கிறது திருமறை. வீட்டின் மானத்தை நீதிக்கு மேலே வைப்போர் என்றும் செய்வது இதுவே.

2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பத்துப் பேருக்குக் குறையாமல் பணிபுரியும் இடங்களில் பெண் தலைமையில் விசாரணைக் குழு இருத்தல் வேண்டும். அதற்குக் குறைந்த இடங்களுக்காகப் பெரம்பலூர், அரியலூர் உட்பட மாவட்டந்தோறும் உள்ளூர்க் குழு அமைய வேண்டும். ஆதாரம் போதவில்லை என்பதற்காக மட்டும் புகாரளித்தவளைத் தண்டிக்கலாகாது என்பதும் அச்சட்டமே. ஆனால் முதலாளி, தொழிலாளி உறவில்லாத அரசியல் கட்சிகளுக்கு அக்குழு கட்டாயமன்று எனக் கேரள உயர்நீதிமன்றம் 2022இல் கூறிவிட்டது. சட்டம் எட்டாத அவ்விடத்திலேதான் தொண்டனின் ஈமான் சோதிக்கப்படுகிறது. தனக்கும் தன் உறவினருக்கும் எதிராயினும் நீதிக்குச் சாட்சி நில்லுங்கள் என்ற இறைகட்டளை கட்சித் தலைவருக்கு மட்டும் விலக்களிக்கவில்லை.

கணவர்மீது முறையிட்ட ஒரு பெண்ணின் குரலை ஏழு வானங்களுக்கு அப்பாலிருந்து இறைவன் செவியேற்றான். அல்முஜாதலா என்னும் அத்தியாயமே அருளினான். நம் முத்தவல்லிகளின் செவி அதனினும் உயரத்திலா இருக்கிறது? ஜமாஅத்தார் முதலில் கேட்கட்டும், பிறகு ஆராயட்டும். காவல்நிலையம் செல்பவளின் வழியை மட்டும் எவரும் மறிக்க வேண்டாம்.