பொம்மைப் படத்தில் ஒரு மொழிப்பாடம்

இளம் அறிவியல் (வேதியியல்) இரண்டாமாண்டு மாணவன்

 

என் தாயார் மூன்றாம் வகுப்பு வரை படித்தவர். கையொப்பம் இடுவார், பேருந்தின் பெயர்ப்பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பார். அவருக்கு ஸ்பானிய மொழி பேசத் தெரியும் என்று நான் சொன்னால் நீங்கள் நகைப்பீர்கள். நானும் முதலில் நகைத்தவன்தான். நகைத்தது தவறு என்று பின்னர் உணர்ந்தேன். அதனாலேயே இக்கட்டுரையை எழுத முற்பட்டேன்.

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில் கிளியனூரை அடுத்த சிற்றூர் எங்களுடையது. அங்கிருந்து ஆரோவில் நெடுந்தொலைவு அன்று. 1968ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள், 124 நாடுகளின் மண்ணை ஒரே கலத்தில் இட்டுத் தொடங்கப்பட்ட நகரம் அது. புதுச்சேரி ஆரோவில் என்றுதான் வெளியூரார் சொல்வார்கள். ஆனால் அதன் பெரும்பகுதி நம் விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது என்பதை நம் மாணவர்களிலேயே பலர் அறியார். சுற்றியுள்ள ஊர்ப் பெண்கள் பலர் நாள்தோறும் அங்கே வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுள் என் தாயாரும் ஒருவர். நான்கு ஆண்டுகளாக ஒரு ஸ்பானியக் குடும்பத்தின் வீட்டில் சமையல் வேலையும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் செய்து வருகிறார். என் கல்லூரிப் படிப்பு அந்த ஊதியத்தில்தான் நடக்கிறது.

அம்மா வேலைக்குச் சேர்ந்தபோது அக்குழந்தைக்கு இரண்டு வயது. அதற்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு அதன் மொழி தெரியாது. சோறூட்டும் நேரத்தில் கணினியில் ஒரு பொம்மைப் படம் ஓடும். 'போக்கோயோ' என்பது அதன் பெயர். 2005இல் வெளிவந்த ஸ்பெயின் நாட்டுப் படம். நீல உடுப்பணிந்த ஒரு சிறுவன், எல்லி என்னும் இளஞ்சிவப்பு யானை, பாத்தோ என்னும் மஞ்சள் வாத்து, இன்னும் சில உருவங்கள். பின்னணியில் மரமில்லை, வீடில்லை, வெறும் வெள்ளை. ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் ஒரு கதை முடிந்துவிடும். கதை சொல்பவர் முகம் காட்டாமல் குரலாக மட்டும் இருந்துகொண்டு, 'இது என்ன? அது எங்கே?' என்று கேட்டுக்கொண்டே இருப்பார். பந்து என்று அவர் சொல்லும் வேளையில் திரையில் பந்தைத் தவிர வேறு பொருள் பெரும்பாலும் இராது. பொருள் விளங்காமல் போக வழியே இல்லை!

எப்படி அம்மா கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன்.

"வாத்தக் காட்டி பாத்தோங்குது புள்ள. வாத்து, பாத்தோ... ஏதோ நம்ம பாஷையத்தான் கொஞ்சம் கோணலாப் பேசுதுன்னு நெனச்சிக்கிட்டேன்டா. அப்புறம் அது சொல்றத நானும் சொன்னேன், நான் சொல்றத அது சொல்லிச்சி" என்றார்.

கடந்த பொங்கல் விடுமுறைக்கு முன் ஒருநாள் அவரை அழைத்துவர அவ்வீட்டிற்குச் சென்றிருந்தேன். குழந்தை ஓடிவந்து படியில் இடறி விழுந்தது. அம்மா பாய்ந்து சென்று தூக்கினார். 'நோ யோரெஸ், நோ யோரெஸ்' என்றார். அழாதே என்று பொருளாம். 'கே பாஸா?' என்றார். 'தோந்தே?' என்றார். என்ன ஆயிற்று, எங்கே அடிபட்டது என்று கேட்டாராம். குழந்தை முழங்காலைக் காட்டி, "இங்க ஆயா" என்று தூய திண்டிவனத் தமிழில் பதில் சொன்னது! நான் வாயடைத்து நின்றேன்.

(இந்த 'ஆயா' என்னும் சொல்லைப் பற்றி ஒன்று சொல்ல ஆசை. நம் பக்கத்தில் பாட்டியை ஆயா என்கிறோம். ஸ்பானிய மொழியிலும் 'ஆயா' உண்டு. பிள்ளை வளர்க்கும் செவிலிக்கு அப்பெயர். இந்தியாவில் வேலைக்காரச் செவிலியை ஆயா என்று அழைக்கும் வழக்கம் அதன் உடன்பிறந்த மொழியாகிய போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தது. நம் வகுப்பறை மேசையும் அவ்வழியில் வந்ததே. ஸ்பெயினிலும் அது 'மேஸா'. அலமாரி அங்கே 'அர்மாரியோ'. கடல் கடந்த மொழி நம் சமையலறையில் எப்போதோ குடியேறிவிட்டது.)

அன்றிரவே என் கைப்பேசியில் அப்படத்தைப் பார்க்கத் தொடங்கினேன். கல்லூரிக்கு வரும் பேருந்தில் ஒரு கதை, திரும்பும்போது ஒரு கதை. பின்னிருக்கையிலிருந்து எட்டிப் பார்த்த வகுப்புத் தோழன் ஒருவன், "என்னடா மச்சான், எல்.கே.ஜி.யில சேர்ந்துட்டியா?" என்று கேட்டுப் பேருந்தையே சிரிக்க வைத்தான். மறுநாள் முதல் திரையைக் கையால் மறைத்துக்கொண்டு பார்த்தேன். இப்போது மறைப்பதில்லை.

மூன்று திங்களில் எளிய சொற்கள் பல காதில் விழுந்தவுடன் புரியலாயின. தமிழனுக்கு அம்மொழி அந்நியமாகத் தோன்றவில்லை என்பது எனக்குப் பெருவியப்பு. எழுதியபடியே படிக்கலாம், ஆங்கிலத்தைப் போல எழுத்து ஒன்று, ஒலி வேறொன்று என்னும் தொல்லை மிகக் குறைவு. ஆங்கிலேயர் திணறும் ஞகரம் நமக்குத் தாய்ப்பால். குழந்தைக்கு அங்கே 'நீஞோ' என்று பெயர். நாம் ரகரமும் றகரமும் வைத்திருப்பது போல அவர்களும் மெல்லிய ஓசையாக ஒன்று, நாவை அதிரவிட்டு ஒன்று என இரண்டு வைத்திருக்கிறார்கள். 'பெரோ' என்றால் ஆனால். 'பெர்ரோ' என்றால் நாய். ஆனால் என்று சொல்ல வந்து நாயைக் கூப்பிட்டவன் நான்.

நண்பர்களே! ஸ்பானியம் கற்று நான் என்ன செய்யப் போகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். என் கவலை ஸ்பானியம் அன்று. ஆங்கிலம்!

சென்ற மே விடுமுறையில் விழுப்புரத்தில் ஒரு தனியார் நிறுவனத்தின் நேர்காணலுக்குச் சென்றேன். விடுமுறைக்கால வேலைதான். அங்கிருந்தவர் என் பாடத்தில் எதையும் கேட்கவில்லை. காலையில் எழுந்தது முதல் இங்கு வந்து சேர்ந்தது வரை நடந்ததைச் சொல்லுங்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். எனக்கு 'டைட்ரேஷன்' தெரியும், 'வேலன்சி' தெரியும், 'ஈக்விலிப்ரியம்' தெரியும். பல் துலக்கினேன், பேருந்தைத் தவறவிட்டேன், மழையில் நனைந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வியர்த்தது. எழுந்து வந்துவிட்டேன். பேருந்து நிலையத்தில் அமர்ந்து எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஆங்கிலம் ஒரு பாடமாகப் படித்திருக்கிறேன். கட்டுரை மனப்பாடம், கடிதம் மனப்பாடம், இலக்கணத்திற்கு ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண். 'தண்ணீர் சிந்திவிட்டது' என்று ஒருநாளாவது வாய்திறந்து ஆங்கிலத்தில் சொன்னேனா?

மூன்று வயதுக் குழந்தை முதலில் கற்பது அந்தத் தண்ணீர் சிந்திய வாக்கியத்தைத்தான். நமக்கு அது கடைசி வரை வருவதேயில்லை. கூரையை முதலில் வேய்ந்துவிட்டுச் சுவருக்கு இடம் தேடுகிறோம். ஆங்கிலப் பேராசிரியர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். பாடநூலில் உள்ள அறிஞர் கட்டுரைகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அவற்றுக்கு முன்னால் ஒரு படி இருக்கிறது. தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வந்த நம் போன்றோர் அப்படியில் கால் வைக்காமலே மேலே தூக்கி வைக்கப்பட்டுவிட்டோம் என்பதே என் கருத்து.

உண்மையில், என் வயதினர் அனைவருமே அப்படியை ஒருமுறை பார்த்தவர்கள்தாம். 2006 முதல் தமிழக அரசு வழங்கிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி எங்கள் வீட்டிற்கும் வந்தது. 2007இல் தொடங்கிய சுட்டி தொலைக்காட்சியில் டோராவும் புஜ்ஜியும் வருவார்கள். 2000இல் அமெரிக்காவில் தோன்றியபோது டோரா ஆங்கிலம் பேசும் குழந்தைகளுக்கு ஸ்பானியச் சொற்களைக் கற்பித்தாள். நம்மிடம் வந்தவள் தமிழ் பேசி, இடையிடையே ஆங்கிலச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தாள். ஒரு கேள்வி கேட்டுவிட்டு நம்மையே பார்த்துக்கொண்டு நிற்பாள். நாம் பதில் சொல்வதற்காகக் காத்திருப்பாள்! நானும் என் தங்கையும் பெட்டியைப் பார்த்துக் கத்துவோம். தவறாகச் சொன்னாலும் அவள் கோபித்ததில்லை. ஏழு வயதில் அஞ்சாமல் கத்தியவன் இருபது வயதில் எழுந்து ஓடினேன் என்றால், இடையில் எனக்குள் வந்து புகுந்தது எது? வெட்கம் அன்றோ?

பொம்மைப் படம் மொழி கற்பிக்கும் என்பதை ஐயுறுவோர்க்கு நம் அண்டை நாட்டுச் செய்தி ஒன்று. 2013இல் வங்கதேச அரசு இந்தியில் ஒளிபரப்பான 'டோரேமான்' என்னும் ஜப்பானியப் பொம்மைப் படத்தை நிறுத்தியது. பிள்ளைகள் அதைப் பார்த்துப் பார்த்து வீட்டில் வங்காளத்தை விட்டு இந்தியில் பேசத் தொடங்கிவிட்டார்கள் என்பதே காரணம். பள்ளி வைத்து எவரும் அவர்களுக்கு இந்தி கற்பிக்கவில்லை. தாய்மொழிக்கு நேர்ந்த அக்கவலையைத் தமிழ்நாட்டு மாணவனாகிய நான் நன்கு உணர்கிறேன். ஆயினும் பயனற்ற ஒன்றை எந்த அரசும் தடை செய்யாது.

ஆனால் பெட்டியை முடுக்கிவிட்டுப் படுத்துக்கொண்டால் மொழி வந்துவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. 2003இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பேட்ரிசியா குல் என்னும் அறிஞரும் உடனிருந்தோரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒன்பது மாதக் குழந்தைகள் சிலருக்குச் சீன மொழி பேசுவோர் நேரில் அமர்ந்து, பொம்மை காட்டிக் கதை படித்தனர். மொத்தம் பன்னிரண்டு அமர்வுகள். வேறு சிலருக்கு அதே ஆள்களை, அதே பேச்சைத் திரையில் காட்டினர். நேரில் கேட்ட குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. திரையில் கண்டவை எதையும் கற்கவில்லை. வளர்ந்தவர்க்கு இது அப்படியே பொருந்தும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் என் வீட்டு நடப்பும் இதையே காட்டுகிறது. தனியே பேருந்தில் பார்த்த நான் கேட்டால் புரிந்துகொள்கிறேன். வாய் திறந்தால் தடுமாறுகிறேன். அம்மாவுக்கோ திரைக்கு இப்பால் ஒரு பிள்ளை இருந்தது. சொன்னதற்கு மறுமொழி சொல்லிற்று; தவறியபோது கைகொட்டிச் சிரித்தது. அச்சிரிப்பில் அம்மா வெட்கப்படவில்லை. வேறு வழியும் அவருக்கு இல்லை.

ஆகவே பேராசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒருநாள், வகுப்புகள் முடிந்தபின், திரையும் ஒலிபெருக்கியும் உள்ள ஓர் அறையை ஒரு மணி நேரம் எங்களுக்குத் தர வேண்டும். ஆங்கிலத்தில் உள்ள குழந்தைப் படம் ஒன்றைப் போடுவோம். ஒரே கதையை அவ்வாரம் முழுவதும் பார்ப்போம். அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய 'ப்ளூஸ் க்ளூஸ்' என்னும் குழந்தை நிகழ்ச்சியில் ஒரே பகுதியை ஐந்து நாளும் திரும்பத் திரும்ப ஒளிபரப்பினார்கள். குழந்தைகள் சலிக்கவில்லை, நாள்தோறும் கூடுதலாகக் கூவினார்கள். நாங்களும் கூவுவோம். நடுவே படத்தை நிறுத்தி, என்ன நடந்தது என்று ஒருவர் கேட்க மற்றவர் சொல்ல வேண்டும். திருத்த ஓர் ஆசிரியர் வந்தால் நன்று. அந்த ஒரு மணி நேரத்திற்கு மதிப்பெண் மட்டும் வேண்டவே வேண்டாம். சிரிப்பவர் அடுத்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்பது ஒன்றே விதி.

எங்கள் வகுப்பில் இதுவரை பதினொருவர் வருவதாகப் பெயர் கொடுத்திருக்கிறார்கள். எல்.கே.ஜி. என்று கேட்ட தோழனும் அதில் ஒருவன்.

முதல் நாள் என் தாயாரை அழைத்து வந்து பேச வைக்கலாம் என்று எண்ணி அவரிடம் கேட்டேன். அடுப்பைப் பார்த்தபடியே, "எனக்கு என்னாடா தெரியும்? அந்தப் புள்ளகிட்ட பேசத் தெரியும், அவ்ளோதான்" என்று சொல்லிவிட்டார்.