தகப்பன் பெயர் என்ற கட்டம்

எங்கள் குடும்பத்துக்கு வம்சாவளி வரைந்துகொண்டிருக்கிறார் பெரியம்மா மகன். நாற்பது பெயர்களுக்கு மேல் சேர்ந்துவிட்டன. கொள்ளுப்பாட்டியின் தகப்பன் இருக்க வேண்டிய கட்டத்தில் மட்டும் கேள்விக்குறி. கொள்ளுப்பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் குடும்பத்தில் பிறந்தவர். ஊர் மிராசுதார்தான் அவருடைய தகப்பன் என்று எங்கள் வீட்டுப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அண்ணன் ஏற்கவில்லை. "பொம்பளைங்க பேச்சை எப்படி ஆதாரம்னு போடறது? ரெக்கார்டு வேணும்" என்கிறார்.

அந்த வாக்கியத்தோடுதான் எனக்குச் சண்டை.

அவர் கேள்வியே கேட்காமல் நிரப்பிய கட்டங்களைப் பார்ப்போம். அவருடைய அப்பா வழியில் ஐந்து தலைமுறை ஆண்களின் பெயர்கள் வரிசையாக நிற்கின்றன. ஆதாரம் என்ன? பிறப்புப் பதிவேடு, பத்திரங்கள், பள்ளிச் சான்றிதழ். அந்தப் பதிவேட்டில் தகப்பன் பெயர் எப்படி ஏறியது? வீட்டார் போய்ச் சொன்னார்கள், கிராமத்து அதிகாரி எழுதிக்கொண்டார். அவர் பிரசவ அறையில் இருந்தவர் அல்ல, படுக்கையறையிலும் இருந்தவர் அல்ல. இன்னாருக்கு இன்னார் மனைவி என்று ஊருக்குத் தெரியும், ஆகவே குழந்தை இன்னாருடையது. இதைச் சட்டமும் மறைக்கவில்லை. 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவு, செல்லத்தக்க திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை கணவனின் முறையான குழந்தை என்பதற்கு அந்தப் பிறப்பே முடிவான நிரூபணம் என்றது. கருத்தரித்திருக்கக்கூடிய காலத்தில் இருவரும் சேர வாய்ப்பே இருக்கவில்லை என்று காட்டினால்தான் விலக்கு. 2024-இல் புதுச் சட்டம் வந்தபோதும் இந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

ஆக, கௌரவமான குடும்பங்களின் வம்சாவளியில் இருக்கும் தகப்பன்மார் எவரும் 'சரிபார்க்கப்பட்டவர்கள்' அல்லர். சட்டம் அனுமானித்துக் கொடுத்தவர்கள். தாலி கட்டிய பெண்ணின் குழந்தைக்கு அனுமானம் போதும், தாலி இல்லாத பெண்ணின் குழந்தைக்கு மட்டும் ஆதாரம் வேண்டும். அண்ணன் கேட்பது வரலாற்று ஒழுங்கு என்றால் அதை எல்லாக் கட்டத்துக்கும் கேட்கட்டும். மரத்தில் ஆண்கள் ஒருவர்கூட மிஞ்ச மாட்டார்கள், அம்மாக்கள்தான் மிஞ்சுவார்கள்.

ரெக்கார்டு இல்லாமலும் இல்லை. எங்களிடம் ஒரு பத்திரம் இருக்கிறது. அந்த மிராசுதார் ஐந்து மா நன்செய்யைக் கொள்ளுப்பாட்டியின் அம்மாவுக்கு எழுதிவைத்த பத்திரம். அதில் அவர் இன்னாரின் குமாரர், இன்ன ஊரில் இருப்பவர், விவசாயம் என்று மூன்று வரி. எழுதிவாங்கியவருக்குத் தாயின் பெயரும் கோயிலின் பெயரும் மட்டும். 'பிரியத்தின் பேரில்' என்று ஒரு சொல். கொள்ளுப்பாட்டி பிறந்த மறு வருஷம் எழுதப்பட்டது. எதற்காக ஒரு மிராசுதார் மூன்றில் ஒரு பங்கு ஏக்கர் என்ற கணக்கில் ஐந்து மா, அதாவது ஒன்றரை ஏக்கருக்கு மேல், சும்மா கொடுப்பார்? "பாட்டுக்குப் பரிசா இருக்கலாமே" என்கிறார் அண்ணன். இருக்கலாம். ஆனால் அந்த மிராசுதார் தன் மகன்களுக்கு எழுதிய பத்திரத்தை இப்படிச் சந்தேகத்தோடு அவர் படிப்பாரா?

வாய்ப்பேச்சு ஆதாரமாகாது என்பதும் பொய். அதே 1872 சட்டத்தில், இறந்துபோனவர் உறவுமுறை பற்றிச் சொன்ன சொல், அவருக்கு அதைத் தெரிந்துகொள்ளத் தனி வாய்ப்பு இருந்து, தகராறு எழுவதற்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால் ஏற்கத்தக்க சாட்சியம். குடும்பத்தார் ஒருவரை எப்படி நடத்தினார்கள் என்பதும் கணக்கில் வரும். வெள்ளைக்கார நீதிபதிகள் காது கொடுக்கத் தயாராக இருந்த பேச்சுக்கு எங்கள் வீட்டு வம்சாவளியில் இடமில்லை!

அமெரிக்காவில் இதே கதை இன்னும் பெரிய அளவில் நடந்தது. மூன்றாவது ஜனாதிபதி தாமஸ் ஜெஃபர்சன் தன் பண்ணைப் புத்தகத்தில் அடிமைகளின் பிறப்பையெல்லாம் குறித்துவைத்தவர். சாலி ஹெமிங்ஸின் குழந்தைகளும் அதில் உண்டு, தகப்பன் பெயர் இல்லாமல். சாலியின் மகன் மேடிசன் ஹெமிங்ஸ் 1873-இல் ஒஹாயோ மாநிலப் பத்திரிகை ஒன்றில், ஜெஃபர்சன்தான் எங்கள் தகப்பன் என்று வெளிப்படையாகச் சொன்னார். ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள், சகோதரி மகன்களில் ஒருவர்தான் காரணம் என்று கைகாட்டினார்கள். நூறு வருஷத்துக்கு மேல் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் இரண்டாவது பேச்சை நம்பினார்கள். இரண்டுமே குடும்பப் பேச்சுதான். ஒன்று எஜமானர் வீட்டுப் பேச்சு, மற்றது அடிமை வீட்டுப் பேச்சு. இந்த ஓரவஞ்சனையை வரிவரியாக எடுத்துவைத்து 1997-இல் புத்தகம் எழுதியவர் அனெட் கார்டன்-ரீட் என்ற கறுப்பினச் சட்டப் பேராசிரியர். மறு வருஷம் மரபணுச் சோதனை முடிவு வந்தது. சாலியின் கடைசி மகன் ஈஸ்டனின் ஆண்வழி வாரிசிடம் ஜெஃபர்சன் குடும்பத்து ஒய் குரோமோசோம் இருந்தது, சகோதரி மகன்களின் வழி பொருந்தவில்லை. அதற்குப் பிறகுதான் பலரும் இறங்கிவந்தார்கள். அந்தச் சோதனையும் தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போகும் ஒன்றை வைத்துத்தான். ஹேரியட் என்ற மகள் 1822-இல் பண்ணையை விட்டுப் போனவர், பிறகு தடமில்லை.

அண்ணனுக்கு ஏன் இவ்வளவு அவசரம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தகப்பன் யார் என்பது பாதிக் கேள்விதான், என்ன சாதி என்பது மீதி. மிராசுதார் என்று நிரூபணமானால் ஃபிரேம் போட்டு மாட்டலாம். நட்டுவனாரோ மிருதங்கக்காரரோ என்று வந்தால் கேள்விக்குறியே இருக்கட்டும் என்று விட்டுவிடுவார். இந்த நோய் அவருக்கு மட்டுமா? எம்.எஸ். சுப்புலட்சுமியின் முன்னெழுத்துகள் மதுரையையும் அவருடைய அம்மா சண்முகவடிவையும் குறிப்பவை. வீணை வாசித்த அம்மா, கச்சேரி மேடைக்கு அழைத்துப்போன அம்மா, பெயரிலேயே நிற்கிறார். ஆனாலும் 'உண்மையில் அப்பா யார்' என்று எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

தாய்வழி என்று இதைக் கொண்டாடவும் எனக்கு மனமில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் தளிச்சேரிப் பெண்டுகள் சுமார் 400 பேருக்குப் பெயர், வந்த கோயில், குடியிருந்த தெரு, வீடு எல்லாம் இருக்கிறது, தகப்பன் பெயர் இல்லை. அதைப் படித்துப் பூரிக்கிறவர்கள் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரையும் படிக்கட்டும். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்துவிட்டு வெளியே வந்து, 1936-இல் 'தாசிகள் மோசவலை' எழுதியவர். தகப்பன் பெயர் இல்லாதது அந்தப் பெண்களுக்கு விடுதலையாக இருக்கவில்லை. பொறுப்பிலிருந்து விடுதலை கிடைத்தது ஆணுக்கு.

அதனால்தான் தேடலை நிறுத்து என்று நான் அண்ணனிடம் சொல்லவில்லை. கேள்வியை மாற்று என்றேன். 'அவர் யார், நமக்கு என்ன பெருமை' என்பதை விட்டுவிட்டு, 'அவர் என்ன கொடுக்க வேண்டியிருந்தது, கொடுத்தாரா' என்று தேட வேண்டும். அன்றைய இந்துச் சட்டப்படி சூத்திரர் என்று நீதிமன்றம் வகைப்படுத்திய சாதிகளில், நிரந்தரமாக வைத்துக்கொண்ட பெண்ணுக்குப் பிறந்த மகனுக்குத் தகப்பன் சொத்தில் பங்கு உண்டு. மகளுக்கு இல்லை. எனவே மகன்களின் பிறப்பு வழக்காகி, தீர்ப்பாகி, அச்சில் ஏறியது. மகள்களைப் பற்றிய காகிதம் குறைவாக இருப்பதற்குக் காரணம் அவர்களின் பிறப்பில் ஐயம் இருந்ததல்ல. அவர்கள் பேரில் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மகளுக்கும் திறந்திருந்த கதவு ஒன்று உண்டு. 1898-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488-ஆம் பிரிவு, முறைதவறிப் பிறந்த குழந்தைக்கும் தகப்பன் மாதாமாதம் ஜீவனாம்சம் தர உத்தரவிட மாஜிஸ்திரேட்டுக்கு அதிகாரம் கொடுத்தது.

மாஜிஸ்திரேட் கோர்ட்டுப் பழைய கட்டுகள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறதோ அதில் முதலில் இதைத் தேடுவோம் என்று பேசியிருக்கிறோம். எள்ளுப்பாட்டி அந்தப் படியேறியிருந்தால் அவருடைய வாக்குமூலம் அங்கே இருக்கும். கோர்ட்டுக்குப் போவதைத் தடுக்கத்தான் அந்த ஐந்து மா கொடுக்கப்பட்டதா என்பதும் தெரியலாம். அதுவரை கட்டத்தில் மிராசுதாரின் பெயரைப் போட்டு, அடியில் 'மகளும் பேத்திகளும் சொன்னது' என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். அண்ணனின் அப்பா பெயருக்கு அடியிலும் 'வீட்டார் சொன்னது' என்று எழுத வேண்டும் என்றேன். அதற்குத்தான் இன்னும் சம்மதிக்கவில்லை.