ஐயம் வேறு, ஆதாரம் வேறு!

தேர்வில் காப்பி அடிப்பது தவறு. அதிலே நமக்கு இரண்டு கருத்து கிடையாது. உழைப்பவன் வீட்டுப் பிள்ளைக்கு நிலமில்லை, ஆலையில்லை, சிபாரிசுக்கு ஆளில்லை. பட்டம் ஒன்றுதான் அவனுக்கு முதல். அந்தப் பட்டம் செல்லாக்காசானால் பணக்காரன் பிள்ளை அப்பன் கடையில் உட்காருவான்; நம் பிள்ளை எங்கே உட்காருவான்? ஆகவே விதி வேண்டும், கண்டிப்பும் வேண்டும். ஆனால், விதி எழுதியவர்கள் யாரை மனத்தில் வைத்து எழுதினார்கள்? அதைத்தான் கேட்கிறோம்.

2020இல் கொரோனா வந்தது, கல்லூரிகள் பூட்டப்பட்டன. இறுதிப் பருவத் தேர்வை நடத்தியே தீரவேண்டும் என்றது பல்கலைக்கழக மானியக் குழு. அவ்வாண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் உச்சநீதிமன்றமும் அதை ஏற்றது. தேர்வு இணையவழியில் வீடு தேடி வந்தது. எந்த வீடு?

சேந்தமங்கலத்துக்கு வாருங்கள். காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவு ஏறிச் செம்மேட்டைப் பாருங்கள். வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, தின்னனூர் நாடு என்று மலைமேல் பரந்து கிடக்கும் சிற்றூர்களைப் பாருங்கள். மிளகு விளைகிறது, காப்பி விளைகிறது, மரவள்ளி விளைகிறது. கைப்பேசிக்குச் சிக்னல் மட்டும் பாறைக்குப் பாறை தேடினால்தான் உண்டு! இதே நாமக்கல் மாவட்டத்து மலையடிவாரத்தில், இணையவழிப் பாடம் கேட்கப் பிள்ளைகள் ஆலமரத்தில் ஏறியது 2021இல் செய்தியாயிற்று. அன்றைய அரசு 2021 ஜனவரியில், 9.69 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு நாளொன்றுக்கு 2 ஜிபி இணைய வசதி தரும் அட்டை அறிவித்தது. அட்டை வந்து என்ன பயன்? டவர் வரவேண்டாமா?

அந்தப் பிள்ளையிடம் விதி என்ன சொல்கிறது? தனி அறையில் உட்கார், கேமராவை விட்டு முகத்தைத் திருப்பாதே, பின்னால் வேறு முகம் தெரியக்கூடாது, பேச்சுக்குரல் கேட்கக்கூடாது, இணைப்பு அறுபடக்கூடாது. ஓரறை வீட்டில் பாட்டி இருமுவாள், தம்பி குறுக்கே நடப்பான், மழை வந்தால் மின்சாரம் போகும். கண்காணிக்கும் மென்பொருளுக்கோ இருமலும் தெரியாது, இல்லாமையும் தெரியாது. முகம் திரும்பினால் ஒரு குறி, குரல் கேட்டால் ஒரு குறி. குறி கூடினால் 'முறைகேடு'!

இது கற்பனை என்பார்களா? அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்போடு தேர்வு நடத்தியதே, அதன் முடிவைப் பாருங்கள். தோற்றவர்கள் ஏராளம். மென்பொருள் ஐயப்பட்டது என்பதற்காகவே முடிவு நிறுத்திவைக்கப்பட்டவர்கள் பல்லாயிரம். மாநிலமெங்கும் குரல் எழுந்தது. மே மாதம் உயர்கல்வி அமைச்சர் பொன்முடி, கட்டணமின்றி மறுதேர்வு நடக்கும் என்று அறிவித்தார். நீதி வந்தது, வாழ்த்துவோம். ஆனால் அதற்குள் அந்தப் பிள்ளைகள் பட்ட மனவேதனைக்கு எந்த மறுதேர்வு உண்டு?

ஆராயாமல் கோவலனைக் கொல்லச் சொன்ன பாண்டியன், தவறு தெரிந்ததும் அரியணையிலேயே உயிர் விட்டான். மன்னனுக்கு நாணம் இருந்தது. எந்திரத்துக்கு நாணம் ஏது?

இன்னொன்றையும் கவனியுங்கள். மருத்துவ நுழைவுத் தேர்வில் தோட்டைக் கழற்று, முழுக்கைச் சட்டையை வெட்டு என்று 2017இல் நம் பிள்ளைகளைப் படுத்தியபாடு நினைவிருக்கும். அதே தேர்வில் ஆள்மாறாட்டம் செய்து கல்லூரிக்குள் நுழைந்த கதை 2019இல் தேனியில் வெளிப்பட்டது. ஏழையின் காதுத் தோட்டைக் கண்ட சட்டம், பணக்காரனின் பணமூட்டையைக் காணவில்லை!

கொரோனா போயிற்றே, இப்போது இது எதற்கு என்பீர்கள். இணையவழியிலேயே பட்டம் படிக்க 2020ஆம் ஆண்டு விதிமுறைகளே இடம் தந்துவிட்டன. வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைக்கும் தொழிலாளிக்கு அது நல்ல வழி. அந்த வழியில் முள் போடாதீர்கள் என்பதே நம் கோரிக்கை.

எந்திரம் குறி வைக்கட்டும். தீர்ப்பை மனிதர் சொல்லட்டும். பதிவை மாணவனுக்குக் காட்டுங்கள், அவன் விளக்கத்தைக் கேளுங்கள், அதன்பிறகே தண்டியுங்கள். இணைப்பு அறுந்தால் மறுவாய்ப்பு தாருங்கள். வீட்டில் வசதியில்லாதவனுக்குச் செம்மேட்டிலோ சேந்தமங்கலத்திலோ அரசே ஒரு தேர்வுக்கூடம் திறக்கட்டும். மனப்பாடத்தைக் கேட்காமல் சிந்தனையைக் கேட்கும் வினாக்களைத் தாருங்கள். காப்பியடிப்பதற்கான தேவையே பாதி குறையும்.

தோழர்களே, நமக்கும் கடமை உண்டு. விடையைக் கைப்பேசிக் குழுவில் பரப்பிவிட்டு, பிடிபட்டதும் கிளைக் கழகத்துக்கு ஓடிவந்து 'ஒரு வார்த்தை சொல்லுங்கள்' என்று கேட்பவனுக்கு நாம் சிபாரிசு போகக்கூடாது. அவன் திருடியது பக்கத்து வீட்டுப் பிள்ளையின் உழைப்பை. ஆனால் குற்றமற்ற ஒரு மலைநாட்டு மாணவி, சிக்னல் அறுந்ததற்காகத் திருடி என்று முத்திரை குத்தப்பட்டால், அவளோடு பல்கலைக்கழக வாசல்வரை நடப்பது நம் வேலை. நேர்மை மாணவனுக்கு மட்டும் விதித்த கடனல்ல. தேர்வு நடத்துவோரும் கட்டியாகவேண்டிய கடன் அது!