சாத்தனார் காட்டும் மதுரை அம்பலம்

வருணனை எழுதுக என்று மாணவரைப் பணித்தால், தாளில் முதலில் வந்து விழுவன அடைமொழிகளே. வானளாவிய கோபுரம், பச்சைப் பட்டு விரித்த வயல், சலசலத்தோடும் ஆறு. வைகையில் மணல் மட்டுமே தெரியும் கோடையிலும் மாணவர் தாளில் ஆறு சலசலத்தே ஓடுகிறது!

இக்குறைக்கு மருந்தை நாம் வெளியில் தேட வேண்டுவதில்லை. மதுரைக் கூலவாணிகன் என வழங்கப்பெறும் சாத்தனாரின் மணிமேகலை நம் கையில் உள்ளது. 1898-இல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்த நாள்தொட்டு அதனைப் பௌத்தக் கருவூலமாகப் போற்றி வருகிறோம். தேர்வுக்காக நால்வகை வாய்மையையும் பன்னிரு சார்புகளையும் மனனம் செய்கிறோம். அதில் வரும் சமயக் கதைகளை வருணனைப் பாடங்களாகவும் கற்றல் வேண்டும் என்பது நம் கருத்து.

சான்றாக, 13, 14-ஆம் காதைகளில் வரும் ஆபுத்திரன் கதையை நோக்குவோம். ஊரார் துரத்த, தென்மதுரை அடைந்த அவன், சிந்தாதேவி கோயிலின் முன்னுள்ள அம்பலத்தில் தங்குகிறான். வீடுதோறும் இரந்து வந்து, கண் இல்லாதவர், செவி கேளாதவர், கால் முடமானவர், ஆதரவற்றவர், நோயாளிகள் என யாவரையும் அழைத்து ஊட்டுகிறான். அவர்கள் உண்டு எஞ்சியதைத் தான் உண்டு, இரந்த ஓட்டையே தலைக்கு அணையாக வைத்து உறங்குகிறான். அவனுடைய வறுமையையும் அருளையும் அந்த ஓடு ஒன்றே உணர்த்திவிடுகிறது. இரக்கமுள்ளவன் என்று புலவர் தனியே சொல்லவும் வேண்டுமோ!

பின்னர்ச் சிந்தாதேவி அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபியை அளிக்கிறாள். அவன் அறத்தைக் கண்டு பொறாத இந்திரனோ, 12 ஆண்டுகள் மழையற்றுக் கிடந்த பாண்டி நாட்டில் மழை பெய்விக்கிறான். நாடு செழித்ததைக் காட்ட வயல்களைப் பாட வாய்ப்பிருந்தும் சாத்தனார் நம்மை அவ்வம்பலத்திற்கே மீண்டும் அழைத்துச் செல்கிறார். பசித்தோர் கூடிய இடத்தில் இப்போது சூதாடிகளும் வீணர்களும் வம்பளப்போரும் சிரித்துக் களிக்கின்றனர்! இடம் ஒன்றே, கூட்டம் மாறிவிட்டது. உண்பாரைத் தேடி அலையும் ஆபுத்திரனின் துயரம் நமக்குப் புரிவது, வளத்தை அவன் கண்வழியே நாம் காண்பதனால்தான்.

சக்கரவாளக் கோட்டத்துச் சுடுகாட்டு வருணனையும் இத்தகையதே. நரியின் ஊளையும் கூகையின் குரலும் ஓயாத கடலோசைபோல் முதலில் செவியை நிறைக்கின்றன. சார்ங்கலன் என்னும் சிறுவன் அங்கே அச்சத்தால் உயிர்விடும்போது நமக்கு அது வியப்பாகத் தோன்றுவதில்லை.

காப்பியத்தின் பிற்பகுதியில் அளவைகளும் தத்துவமும் மிகுந்து கதை தளர்கிறது என்பாரோடு நாமும் உடன்படுகிறோம். ஆயினும் அதனைக் காரணம் காட்டி முற்பகுதியையும் குறிப்பேட்டுச் சுருக்கமாக்குதல் முறையன்று. அரபு நாட்டைப் பாட வந்த உமறுப்புலவர், மழையும் ஆறும் வயலுமாகத் தமிழ் நிலத்தையே சீறாப்புராண நாட்டுப் படலத்தில் விரித்தார். அது காப்பிய மரபு; அதன் அழகு வேறு. இன்று உரைநடை எழுதப் பழகும் மாணவருக்கு முதலில் வேண்டுவது சாத்தனாரின் சிக்கனம்.

ஆகவே வகுப்பறைக்கு ஒன்று பரிந்துரைக்கிறோம். திருமலை நாயக்கர் காலத்து வண்டியூர்த் தெப்பக்குளம் பல்லாண்டுகள் வறண்டு, சிறுவர் கிரிக்கெட் ஆடும் திடலாகக் கிடந்தது. அண்மை ஆண்டுகளில் வைகை நீர் பெற்று நிறைந்தது. வறண்ட நாளில் அங்கே யார் யார் கூடினர், என்ன செய்தனர் என்று முதியோரைக் கேட்டு ஒரு பக்கம் எழுதட்டும். நீர் நிறைந்த நாளில் படிக்கட்டில் அமர்ந்து, வருவோர் போவோரைக் கண்டு மற்றொரு பக்கம் எழுதட்டும். அழகிய, இனிய, பசுமையான என்னும் சொற்கள் இரண்டு பக்கத்திலும் இடம்பெறலாகாது. விளையாட இடமிழந்த சிறுவர் இப்போது எங்கே ஆடுகின்றனர் என்று எழுதும் மாணவருக்கு முதல் மதிப்பெண்ணை வழங்கலாம்.